வாங்கும் முன் கழற்றிப் பாருங்கள்: லேப்டாப்பில் டிவிடி ரைட்டர் மாற்றும் வழி

பழைய லேப்டாப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதில் இருக்கும் டிரைவ் டிவிடியைப் படிக்கும், சிடியில் எழுதும், டிவிடியில் எழுதாது. அல்லது ஒரு காலத்தில் எழுதிக்கொண்டிருந்தது, இப்போது வட்டைப் போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஒன்றும் இல்லை என்கிறது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான், டிரைவையே மாற்றிவிடுவது. லேப்டாப்பில் நாமே மாற்றக்கூடிய பாகங்களில் ரேமுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் அடுத்தபடி எளிதானது இது. பெரும்பாலான லேப்டாப்களில் ஒரே ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் டிரைவ் வெளியே வந்துவிடும்.

ஆனாலும் பலர் இதில் தடுமாறுகிறார்கள். தடுமாறுவது ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கும்போது அல்ல, புதிய டிரைவை வாங்கும்போது. முதல் தடவை எனக்கும் அப்படித்தான் நடந்தது. லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் சொல்லி ஒரு டிரைவை வரவழைத்தேன். வந்தது நல்ல டிரைவ், ஆனால் அதன் பின்பக்கக் கனெக்டர் என் லேப்டாப்புக்கு உரியது அல்ல. ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு மாதங்களில் தயாரான லேப்டாப்களில் வெவ்வேறு டிரைவ்கள் இருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதனால் இங்கே நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் பழையதைக் கழற்றுங்கள். கையில் வைத்துப் பாருங்கள், அளந்து குறித்துக்கொள்ளுங்கள், மறுபடி செருகிவிடுங்கள். அப்புறம்தான் புதியதை வாங்க வேண்டும். இதற்காகச் செலவாகும் பதினைந்து நிமிடம் வீண் அல்ல, பாதி வேலையை அதிலேயே பழகிவிடுவீர்கள்.

அணைப்பதற்கு முன்

லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரேயைத் திறந்து உள்ளே வட்டு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரை (கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸ் பக்கம்) திறந்து, டிவிடி டிரைவ்களுக்கான பகுதியில் இருக்கும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே பெரும்பாலும் உங்கள் லேப்டாப் கம்பெனியின் பெயர் இருக்காது. இந்த வகை டிரைவ்களைச் செய்தவர்கள் உலகத்திலேயே ஒரு சில நிறுவனங்கள்தான்; எல்லா லேப்டாப் கம்பெனிகளும் அவர்களிடம் வாங்கித்தான் பொருத்தின. ‘ஹெச்எல்-டிடி-எஸ்டி’ என்று தொடங்கினால் அது ஹிட்டாச்சியும் எல்ஜியும் சேர்ந்து நடத்திய நிறுவனத்தின் டிரைவ். ‘டிஎஸ்எஸ்டி’ என்றால் தோஷிபாவும் சாம்சங்கும் சேர்ந்தது. ‘மட்ஷிட்டா’ என்றால் பானாசோனிக். இவை தவிர சோனி ஆப்டியார்க், பிலிப்ஸும் லைட்டானும் சேர்ந்த நிறுவனம் என்று இன்னும் சில உண்டு. லேப்டாப்பின் மேல் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது இவர்களுடைய பொருள் என்பது நமக்கு நல்லதுதான். உங்கள் லேப்டாப் கம்பெனியின் முத்திரை போட்ட டிரைவையே தேடி அலைய வேண்டியதில்லை, அளவும் கனெக்டரும் சரியாக இருந்தால் போதும்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே செய்துவிடுங்கள். உங்கள் லேப்டாப் மாடலுக்கான சர்வீஸ் கையேடு தயாரிப்பாளரின் இணையதளத்தில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் எந்த ஸ்க்ரூ, எந்தப் பக்கம் என்று படத்தோடு இருக்கும்.

கழற்றுதல்

லேப்டாப்பை முழுவதுமாக அணைக்க வேண்டும், ஸ்லீப்பில் போட்டால் போதாது. சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியை எடுங்கள். இரண்டும் இல்லாத நிலையில் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள்; உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பேட்டரி உள்ளேயே பதிக்கப்பட்ட லேப்டாப் என்றால், அதன் இணைப்பை எப்படி எடுப்பது என்று கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கம்பளம் விரித்த தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். ஏதாவது ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும்.

லேப்டாப்பைத் துணி விரித்த மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். டிரைவ் இருக்கும் பக்கத்தில், ஓரத்திலிருந்து சுமார் 13 செ.மீ. உள்ளே தள்ளித் தேடினால் ஒரு ஸ்க்ரூ இருக்கும். பல லேப்டாப்களில் அதன் பக்கத்தில் சிறிய வட்டுப் படம் பொறித்திருப்பார்கள். அவ்வளவு உள்ளே இருப்பதற்குக் காரணம் உண்டு: டிரைவின் பின்பக்கத்தில் சின்ன இரும்புத் தகடு ஒன்று பொருத்தியிருப்பார்கள், இந்த ஸ்க்ரூ அந்தத் தகட்டைத்தான் பிடித்திருக்கிறது. தலைக்குச் சரியான அளவுள்ள பிளஸ் ஸ்க்ரூடிரைவரால் நேராக அழுத்தித் திருகுங்கள். அளவு சரியில்லாததைப் போட்டால் தலை வழுக்கிவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு. சில மாடல்களில் இந்த ஸ்க்ரூ ரேம் அல்லது ஹார்டு டிஸ்க் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். அலுவலகப் பயன்பாட்டுக்கென்று வந்த சில லேப்டாப்களில் ஸ்க்ரூவே கிடையாது, ஒரு நெம்புகோலைத் தள்ளினால் டிரைவ் அப்படியே வெளியே வரும்.

ஸ்க்ரூவை எடுத்த பிறகு டிரைவை வெளியே தள்ள வேண்டும். இங்கே கைக்கு முதலில் தோன்றுவது டிரேயைத் திறந்து பிடித்து இழுப்பதுதான். அதைத் தவிர்க்கப் பாருங்கள். மேசைக் கணினி டிரைவில் வெளியே வருவது வெறும் பிளாஸ்டிக் தட்டு. லேப்டாப்பில் அப்படி அல்ல, வட்டைச் சுழற்றும் மோட்டாரும் லேசர் லென்ஸும் அந்த டிரேயின் மேலேயே உட்கார்ந்து வெளியே வருகின்றன. அதற்கான மின்தொடர்பு ஒரு மெல்லிய நாடா வழியாகத்தான் போகிறது. டிரேயை இழுத்தால் அத்தனை பாரமும் மெல்லிய தண்டவாளத்தின் மேல் விழும். அதற்குப் பதிலாக, ஸ்க்ரூ இருந்த இடத்தில் தெரியும் தகட்டின் விளிம்பில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்து வெளிப்பக்கமாக மெதுவாக நெம்புங்கள். ஒரு செ.மீ. நகர்ந்தாலே கனெக்டர் விடுபட்டுவிடும், மீதியைக் கையால் உருவிக்கொள்ளலாம்.

கையில் வந்ததை அளப்பது

புதிய டிரைவை வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று: உயரம், கனெக்டர், முன்பக்க மூடி.

உயரத்தில் இரண்டு அளவுகள் பரவலாக இருக்கின்றன, 12.7 மி.மீ., 9.5 மி.மீ. பழைய, கொஞ்சம் தடித்த லேப்டாப்களில் முதலாவது. பின்னால் வந்த மெல்லியவற்றில் இரண்டாவது. சாதாரண அளவுகோலை டிரைவின் பக்கவாட்டில் வைத்தாலே எது என்று தெரிந்துவிடும். ஒல்லியானதை வாங்கிப் பெரிய குழியில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். உள்ளே போகும், ஆனால் தளர்ந்து ஆடும். எனவே இருக்கும் அளவையே வாங்குங்கள். அகலமும் நீளமும் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். டிரே வெளியே வராமல் பிளவு வழியாக வட்டை இழுத்துக்கொள்ளும் வகை உங்களுடையது என்றால் புதியதும் அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

கனெக்டர்தான் என்னை ஏமாற்றிய இடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிரைவின் பின்பக்கத்தைப் பாருங்கள். நெருக்கமான சின்னச் சின்னத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக, மொத்தம் 50, ஒரே நீண்ட கட்டையில் இருந்தால் அது ஐடிஇ. அதையே பாட்டா என்றும் சொல்வார்கள். தட்டையான பொன்னிறத் தகடுகள் ஒரே வரிசையில் இரண்டு குட்டிப் பகுதிகளாக, ஒன்றில் 7, மற்றதில் 6 என்று இருந்தால் அது சாட்டா. ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் சாட்டாவில் மின்சாரப் பகுதி 15 தகடுகள் கொண்டது, டிவிடி டிரைவில் 6 மட்டும். அதனால் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருக முடியாது.

லேப்டாப்களின் டிவிடி டிரைவ் ஐடிஇயிலிருந்து சாட்டாவுக்கு மாறியது 2000களின் பிற்பகுதியில். அந்த மாற்றக் காலத்து லேப்டாப்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் சாட்டாவாகவும் டிவிடி டிரைவ் ஐடிஇயாகவும் இருக்கும். ‘என் ஹார்டு டிஸ்க் சாட்டா, அப்படியானால் இதுவும் சாட்டாதான்’ என்று கணக்குப் போட்டு வாங்கினால் தவறிவிடும். கழற்றிக் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புங்கள்.

ஐடிஇ டிரைவ் என்றால் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரே கேபிள் வழியில் இரண்டு கருவிகள் இருக்கும்போது ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் என்று அமைய வேண்டும். மேசைக் கணினி டிரைவில் இதற்கு ஜம்பர் என்ற சின்ன இணைப்புத் துண்டு இருக்கும், லேப்டாப் டிரைவில் அப்படி எதுவும் இல்லை. தயாரிக்கும்போதே டிரைவின் உள்மென்பொருளில் எழுதிவிடுகிறார்கள். அது உங்கள் லேப்டாப் எதிர்பார்ப்பதோடு முரண்பட்டால் டிரைவ் நல்லதாக இருந்தும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அமைப்புத் திரை) தெரியாது, அல்லது திறக்கும்போதே ஐடிஇ பிழை என்று செய்தி வரும். ஆகவே ஐடிஇக்காரர்கள் தங்கள் லேப்டாப் மாடலில் வேலை செய்ததாக வேறு யாராவது சொல்லியிருக்கும் டிரைவ் மாடலையே தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. திருப்பிக் கொடுக்க வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். சாட்டாவில் இந்தத் தொல்லையே இல்லை.

மூன்றாவது, வெளியில் தெரியும் பிளாஸ்டிக் மூடி. லேப்டாப்பின் விளிம்பு வளைவுக்கு ஏற்றபடி ஒவ்வொரு மாடலுக்கும் தனியாக வார்க்கப்பட்டது அது. தனியாக விற்கும் டிரைவ்களில் தட்டையான பொது மூடி இருக்கும், அல்லது மூடியே இருக்காது. பழைய டிரைவிலிருந்து கழற்றி இதில் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் மூடியைப் பிடிக்கும் கொக்கிகளின் இடமும் பட்டனின் இடமும் டிரைவ் செய்தவருக்கு ஏற்ப மாறும். நாம் முதலில் எழுதி வைத்த பெயர் இங்கேதான் பயன்படுகிறது. பழையது ஹிட்டாச்சி-எல்ஜி என்றால் அதே உயரத்தில், அதே கனெக்டரில், முடிந்தவரை அந்த நிறுவனத்தின் டிரைவையே தேடுங்கள். மூடி பொருந்தும் வாய்ப்பு மிக அதிகம்.

சில லேப்டாப்களில் டிவிடி டிரைவே இல்லாமல், அந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் பெட்டியைச் செருகி அனுப்பியிருப்பார்கள். அதை உருவிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கனெக்டர் இருந்தால் டிரைவ் போடலாம். சிலவற்றில் மதர்போர்டில் கனெக்டரையே பொருத்தாமல் விட்டிருப்பார்கள்; அப்போது யூஎஸ்பி வெளி டிரைவ் ஒன்றுதான் வழி. மேசைக் கணினி டிரைவை எப்படியாவது இணைக்கலாமா என்று யோசிக்க வேண்டாம், அதற்கு 12 வோல்ட்டும் வேண்டும். லேப்டாப் டிரைவ்கள் 5 வோல்ட்டில் மட்டுமே ஓடுகின்றன.

மூடியை மாற்றுதல்

புதிய டிரைவ் வந்துவிட்டது. பழையதை மறுபடி கழற்றி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். முழு வேலையிலும் எதையாவது உடைக்கும் வாய்ப்புள்ள இடம் இதுதான், அவசரப்படாதீர்கள்.

மூடியின் முகத்தில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நேராக உள்ளே அழுத்தினால் மின்சாரம் இல்லாமலேயே டிரே கொஞ்சம் வெளியே வரும். லென்ஸைத் தொடாமல் டிரேயை முழுவதும் இழுங்கள். இப்போது மூடி டிரேயோடு சேர்ந்து வெளியே நிற்கும். அதன் பக்கங்களிலும் அடியிலும் சின்னப் பிளாஸ்டிக் கொக்கிகள், வழக்கமாக மூன்று, டிரேயில் மாட்டியிருக்கும். மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓரத்துக் கொக்கியை லேசாக அழுத்தி விடுவித்து, அந்தப் பக்கத்தை ஒரு மி.மீ. முன்னுக்கு நகர்த்துங்கள். பிறகு அடுத்தது. ஒரே இழுப்பில் மூன்றையும் எடுக்கப் பார்த்தால் ஒன்றாவது முறியும். ஒரு கொக்கி முறிந்துவிட்டாலும் மற்ற இரண்டில் மூடி நின்றுவிடும். பசை போட்டு ஒட்ட மட்டும் போகாதீர்கள், உள்ளே கசிந்தால் டிரே சிக்கிக்கொள்ளும்.

புதிய டிரைவின் மூடியையும் இப்படியே எடுத்துவிட்டுப் பழைய மூடியை நேராக வைத்து அழுத்துங்கள், க்ளிக் என்று உட்காரும். டிரேயை மூடிவிட்டுப் பட்டனை அழுத்திப் பாருங்கள். அமுங்கித் திரும்ப வருகிறதா, விளக்குக்கான இடம் நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்து பின்பக்கத் தகடு. இரண்டு குட்டி ஸ்க்ரூக்களில் நிற்கும். பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் அதே பக்கத்தில், அதே திசையில் மாட்டுங்கள். அதே ஸ்க்ரூக்களைத்தான் போட வேண்டும். நீளமானதைப் போட்டால் டிரைவின் உள்ளே இருக்கும் பலகையில் குத்திவிடும். ஐடிஇ வகையில் சில லேப்டாப்களில் தகட்டோடு சிறிய இடைக் கனெக்டர் ஒன்றும் இருக்கும், அதையும் மறக்காமல் மாற்றுங்கள்.

செருகுதல்

டிரைவை நேராக வைத்து விரலால் சமமாகத் தள்ளுங்கள். கடைசி சில மி.மீ.யில் கனெக்டர் பிடிக்கும்போது லேசான எதிர்ப்பு தெரியும். அதற்கு மேல் பலம் போட வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். தகடு கோணலாக இருக்கும், அல்லது கனெக்டர் வேறு வகையாக இருக்கும். மூடி லேப்டாப்பின் விளிம்போடு ஒன்றியதும் அடியிலுள்ள ஸ்க்ரூவைப் போடுங்கள். ஸ்க்ரூ துளையும் தகட்டின் துளையும் நேராக வராவிட்டால் டிரைவ் இன்னும் முழுவதும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

லேப்டாப்புக்குத் தெரிகிறதா?

பேட்டரியைப் போட்டு ஆன் செய்து, முதலில் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். புதிய டிரைவின் பெயர் அங்கே இருந்தால் வன்பொருள் வேலை முடிந்தது. விண்டோஸோ லினக்ஸோ, தனியாக டிரைவர் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் முன்பு போட்டிருந்த பழைய பர்னிங் மென்பொருள், அதாவது வட்டில் எழுதும் மென்பொருள்தான் காரணம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிவிடி டிரைவ்களுக்கான பிரிவில் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ என்ற இரண்டு மதிப்புகளை அது விட்டுச் சென்றிருக்கும். டிவைஸ் மேனேஜரில் டிரைவின் மேல் மஞ்சள் குறி தெரிவதும் இதனால்தான். ரெஜிஸ்ட்ரியை நகல் எடுத்துவிட்டு அந்த இரண்டு மதிப்புகளையும் நீக்கி, மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். இடம் மிக முக்கியம்: கிளாஸ் என்ற கோப்புறைக்குள் 4டி36இ965 என்று தொடங்குவது மட்டும்தான் டிவிடிக்கு உரியது. பக்கத்திலேயே 4டி36இ967 என்று தொடங்குவது ஹார்டு டிஸ்க்குகளுக்கு. அங்கே கை வைத்தால் விண்டோஸ் திறக்காமலே போய்விடும். ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர்கள் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துச் செய்யுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஐடிஇ லேப்டாப்பில் டிரைவ் தெரிந்தும் எழுதுவது ஆமை வேகத்தில் இருந்தால், டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலின் அமைப்பில் ‘பிஐஓ’ என்ற மெதுவான தரவுப் பரிமாற்ற முறை இருக்கிறதா என்று பாருங்கள். அதை டிஎம்ஏ என்ற வேகமான முறைக்கு மாற்ற வேண்டும்.

முதல் வட்டு

சோதனைக்கு அழித்து எழுதக்கூடிய வட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தவறினாலும் வட்டு வீணாகாது. டிரேயில் வைக்கும்போது நடுவில் அழுத்தினால்தான் வட்டு க்ளிக் என்று பிடிக்கும். அப்போது இன்னொரு கையால் டிரேயை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் அதன் மேல்தான் இருக்கிறது என்று முன்பே சொன்னேன், இப்படித் தாங்குவது டிரைவின் ஆயுளைக் கூட்டும்.

விண்டோஸ் 7 முதல் ஐஎஸ்ஓ கோப்புகளை (ஒரு வட்டின் முழு நகலை ஒரே கோப்பாக வைத்திருப்பவை) விண்டோஸே எழுதும். விஸ்டாவில் கோப்புகளை டிவிடியில் எழுதலாம். எக்ஸ்பிக்கு சிடி மட்டும்தான் எழுதத் தெரியும். டிவிடிக்கு இம்க்பர்ன் போன்ற எழுதும் மென்பொருள் ஒன்று வேண்டும். லினக்ஸில் பிரேசரோ, கே3பி இரண்டும் நல்லவை. விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் பார்க்கும் வசதி தானாக வருவதில்லை, விஎல்சி போட்டுக்கொண்டால் போதும்.

4.7 ஜிபி என்று அட்டையில் போட்ட வட்டு கணினியில் 4.37 என்றுதான் காட்டும். ஆயிரத்தால் பெருக்குவதற்கும் 1024ஆல் பெருக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது, வட்டில் குறை இல்லை. இரட்டை அடுக்கு வட்டு 8.5 ஜிபி. டிவிடியின் 1 எக்ஸ் வேகம் என்பது நொடிக்கு சுமார் 1.385 எம்பி. லேப்டாப் ரைட்டர்கள் பெரும்பாலும் 8 எக்ஸ் வரை எழுதும், அதாவது நொடிக்கு 11 எம்பி. உள் வட்டத்தில் மெதுவாகத் தொடங்கி வெளியே போகப் போக வேகம் கூடுவதால், முழு வட்டு எழுதப் பத்து நிமிடம் ஆகலாம். முக்கியமான புகைப்படங்களை எழுதும்போது நான் 4 எக்ஸில்தான் வைப்பேன். எழுதி முடித்ததும் ‘வெரிஃபை’ என்ற சரிபார்ப்பையும் கட்டாயம் ஓட விடுங்கள். எழுதியாயிற்று என்று மென்பொருள் சொல்வதும், எழுதியதைத் திரும்பப் படிக்க முடிவதும் வேறு வேறு.

டிவிடி படங்களைப் பார்ப்பவர்கள் மண்டலக் குறியீட்டையும் (உலகின் எந்தப் பகுதிக்கான படங்கள் ஓடும் என்பதைக் குறிக்கும் எண்) கவனியுங்கள். புதிய டிரைவில் அதை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை வைத்ததிலேயே நின்றுவிடும். கணினி கேட்கிறதே என்று ஒவ்வொரு படத்துக்கும் மாற்றாதீர்கள்.

வட்டின் மேல் காகித லேபிள் ஒட்ட வேண்டாம். சமநிலை கெட்டு வட்டு அதிரும், சூட்டில் லேபிள் உரிந்தால் டிரைவுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். மென்முனை மார்க்கரால் நடுவளையத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

கழற்றிய பழைய டிரைவ் இன்னும் படிக்கும் நிலையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். இந்த அளவு டிரைவ்களுக்கென்றே யூஎஸ்பி பெட்டிகள் கிடைக்கின்றன. அதில் போட்டுவிட்டால் டிவிடி டிரைவ் இல்லாத வேறு கணினிக்கு அது வெளி டிரைவாக உதவும். பெட்டி வாங்கும்போதும் அதே உயரம், அதே கனெக்டர்தான் பார்க்க வேண்டும், இரண்டையும் நீங்கள் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறீர்கள்.